வடக்கு குறிக்கப்படாத வயல்

எனக்கு ஒரே ஒரு சீன எழுத்து தெரியும். மற்றவர்கள் ஒரு எழுத்தைக் கண்ணால் பார்த்து, கையால் எழுதி, தலையில் ஏற்றிக்கொள்வார்கள். எனக்கு அது உடம்பின் வேறொரு பகுதியில் பதிந்தது. எந்தப் பகுதி என்பதை இப்போதே சொல்ல மாட்டேன். வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் எதையும் உரிய வரிசையில்தான் சொல்லுவான். முதலில் பொருள், அடுத்து பார்வை, அதன் பிறகுதான் அவமானம்.

எழுபதுகளின் தொடக்கம். வலங்கைமான் பக்கம் சில கிராமங்கள் சேர்ந்த ஒரு பிர்க்காவுக்கு நான் வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ. வரலாற்றில் முதுகலை, அதுவும் முதல் வகுப்பு. நிலஅளவைப் பயிற்சியில் என் படங்களைப் பார்த்துப் பயிற்சியாளரே பெருமூச்சு விட்டார். (பொறாமைப் பெருமூச்சு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.) சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பேன். ஒன்று நான் எழுத, மற்றது மேலதிகாரிகள் எழுதியதில் உள்ள பிழைகளை மனதுக்குள் திருத்த.

அந்த நாட்களில் மேடைக்கு மேடை நிலம் உழுபவனுக்குச் சொந்தமாகிக்கொண்டிருந்தது. மேடையை விட்டு இறங்கிக் களத்துக்கு வந்தால் நிலைமை வேறு. எங்கள் பக்கம் நெல்லை அறுத்து, அடித்து, தூற்றி, களத்தில் பொலியாகக் குவித்தபின் பங்கு பிரிக்கும் வரை யாரும் கை வைக்கக் கூடாது. அதற்காக நிலத்துக்காரர் வீட்டிலிருந்து காரியஸ்தர் வருவார். பொலியைச் சுற்றி அங்கங்கே ஈரக் களிமண்ணை அப்பி, சுண்ணாம்பில் தோய்த்த மரமுத்திரையை அதன்மேல் குத்துவார். மறுநாள் முத்திரை கலைந்திருந்தால் சாகுபடிக்காரன் நெல்லைத் திருடிவிட்டான் என்று பொருள். (காரியஸ்தரே கலைத்திருந்தால் என்ன பொருள் என்று யாரும் கேட்டதில்லை.)

இப்படிப்பட்ட ஊரில் மாரிமுத்து என்ற குத்தகைதாரர், காரியஸ்தர் போட்ட ஒவ்வொரு முத்திரைக்கும் பக்கத்தில் தானும் ஒரு முத்திரை குத்திவிட்டார். மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, அப்பா செத்ததும் குடும்பத்தோடு திரும்பி வந்து, அவருடைய குத்தகை நிலத்தைத் தொடர்ந்து பயிர் செய்துகொண்டிருந்தவர். ஏன் குத்தினாய் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை ஊரே சொல்லிச் சொல்லி மாய்ந்தது. "அவங்க நம்மள நம்பாம ஒண்ணு போடுறாங்க. நாமளும் அவங்கள நம்பாம ஒண்ணு போட்டோம்."

மிராசுதாருக்குத் தூக்கம் போனது. குத்தகைக்காரன் நெல்லை அபகரிக்கப் போகிறான், களத்தில் கலவரம் வரும் என்று தாசில்தாருக்கு மனு பறந்தது. தாசில்தார் பேச்சில் சிக்கனமானவர், கோப்பைக் கூட ஒரு கண்ணால்தான் படிப்பார். என்னைக் கூப்பிட்டு, போய்ப் பொலியை அரசாங்கப் பாதுகாப்பில் வை, இரண்டு தரப்பும் தொடக் கூடாது, அறிக்கை வந்ததும் உத்தரவு போடுகிறேன் என்றார். தீபாவளிக்கென்று தைத்த கரும்பச்சை டெரிலின் கால்சட்டையை, தீபாவளிக்கு முன்பே போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதல் ஜப்திக்குப் புதுத் துணி வேண்டாமா?

களத்தில் நெல் பொன்னாகக் கிடந்தது. குறுவை அறுவடை. ஐப்பசி மேகம் தெற்கே கூடிக்கொண்டிருந்தது. நான் மேகத்தைப் பார்க்கவில்லை, முத்திரையைப் பார்த்தேன். மிராசுதாரின் முத்திரையில் ஏதோ பூவேலை. அதற்குப் பக்கத்தில் மாரிமுத்துவின் முத்திரை: ஒரு சதுரம், அதற்குள் நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு.

田

காரியஸ்தர் ரத்தினம் என் காதருகே வந்தார். "பாத்தீங்களா சார்? சீனாக்காரன் எழுத்து. செங்கொடிக்காரங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. இன்னிக்கு நெல்லுல குத்துறான். நாளைக்கு எங்க மொதலாளி நெத்தில குத்துவான்."

நான் சிரித்தேன். முதல் வகுப்பில் தேறியவன் சிரிக்கும் சிரிப்பு அது. சீன எழுத்து என்றால் கொட்டிவிட்ட தீக்குச்சி மாதிரி இருக்கும், இப்படிச் சுத்தமாக இருக்காது, நீங்கள் படிக்காதவர், விடுங்கள் என்றேன். (ரத்தினம் அந்த வட்டாரத்தில் பொய்க்குப் பேர்போனவர். அவர் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரே உண்மையை நான்தான் நிராகரித்தேன்.)

எனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. நாங்கள் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எல்லையும் உட்பிரிவும் வரைந்து வைக்கும் படம் உண்டு. புலப்படம் என்போம். இது ஒரு புலப்படம். ஒரு புலம், நான்கு உட்பிரிவு. அளவுகோலை எடுத்தேன். பொலியின் முன் குந்தி உட்கார்ந்து, களிமண்ணில் பதிந்திருந்த நான்கு கட்டங்களையும் அளந்தேன். இடது கீழ்க் கட்டம் ஒரு நூல் பெரிதாக இருந்தது. பெரிய பங்காளியின் பங்கு என்று குறித்துக்கொண்டேன். ஒரே ஒரு குறைதான் கண்ணில் பட்டது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் படம் ஒரே மாதிரி இருந்தது. அறிக்கையின் வரைவில் இப்படி எழுதினேன்: "மேற்படி படத்தில் வடக்குத் திசை குறிக்கப்படவில்லை. இது விதிகளுக்கு முரணானது."

மாரிமுத்துவைக் கூப்பிட்டு விசாரித்தேன். நெடுநெடுவென்று இருந்தார், துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. இதைப் போட்டது யார் என்றேன். சம்சாரம் செதுக்கிக் கொடுத்த கட்டை என்றார்.

"இது எதைக் குறிக்குது?"

"வயலுங்க ஐயா."

பார்த்தீர்களா? ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்கு உள்ளுக்குள் மத்தாப்பு.

"எந்த வயல்?"

"வயலுதாங்க."

"சர்வே எண் சொல்லுங்க."

"அப்படியெல்லாம் இல்லீங்க. சும்மா வயலு."

மறைக்கிறார் என்று எழுதினேன். நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார் என்றும் எழுதினேன். அதன் விளைவு எனக்குத் தெரியும், ரத்தினத்துக்கும் தெரியும். குத்தகைக்கு எடுத்தவன் தானே பயிர் செய்தால்தான் சட்டத்தின் பாதுகாப்பு. உள்குத்தகைக்கு விட்டான் என்று ஒரு ஆர்.ஐ. அறிக்கை கொடுத்தால் இந்த நெல்லும் போகும், அடுத்த போகத்துக்கு நிலமும் போகும். சீனா இல்லாவிட்டால் என்ன, இது அதைவிட நல்லதாயிற்றே என்று ரத்தினம் எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார். நானும் குடித்தேன்.

நெல் குவியலுக்கு அரசு முத்திரை எப்படி வைப்பது என்று எந்த விதியிலும் இல்லை. நானே ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். பொலியைச் சுற்றிக் குச்சி நட்டு, கயிறு கட்டி, முடிச்சுக்கு முடிச்சு அரக்கை உருக்கி ஊற்றி, அலுவலக முத்திரை பதித்தேன். பார்க்கக் கல்யாணப் பந்தல் மாதிரி இருந்தது. பிறகு சான்றுக்காக அந்த மரக்கட்டையையும் வரவழைத்து, சுண்ணாம்பில் தோய்த்து, சாக்குத் துணியில் மாதிரிப் பதிவு எடுத்தேன். ஒன்று சரியாக விழவில்லை என்று மறுபடி எடுத்தேன். சுண்ணாம்பு சொட்டச் சொட்ட அந்தக் கட்டையை மல்லாக்கக் காய வைத்தேன். எங்கே வைத்தேன் என்பதை அப்போது கவனிக்கவில்லை.

மாரிமுத்து வானத்தைப் பார்த்தார். "ஐயா, இருட்டிக்கிட்டு வருது. நெல்ல உள்ள ஏத்திக்கிறோம். பூட்டி, சாவிய நீங்களே வச்சுக்குங்க. நனைஞ்சா மொளச்சுப்போயிரும். வருசம் பூரா அதாங்க எங்களுக்குச் சோறு."

தாசில்தாரின் உத்தரவு இல்லாமல் அரசு முத்திரை வைத்த பொருளை நகர்த்த முடியாது என்று நான் விளக்கினேன். அறிக்கை எழுதி, அது தபாலில் ஏறி, உத்தரவாகித் திரும்ப வேண்டும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் களத்து ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். துண்டு இப்போது தோளில் இல்லை, கையில் சுருட்டி வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் அறுவடை முடித்த பெண்கள் வரப்பில் வரிசையாக வந்தார்கள். முதலில் வந்தவளைப் பார்த்ததும் என் இரண்டு பேனாவும் கீழே விழுந்தன. இடுப்பில் அரிவாள், நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு, முகம் மட்டும் சீனம். சந்தேகத்துக்கே இடமில்லாத சீனம். ஒரு நொடி, ரத்தினம் சொன்ன படையெடுப்பு வலங்கைமான் வழியாகத்தான் நடக்கிறது என்றே நம்பிவிட்டேன்.

சமாளித்துக்கொண்டு முத்திரையைக் காட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை மெதுவாக, உரக்க, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினேன். "மேடம். வாட். ஈஸ். திஸ்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புருஷன் மாரிமுத்து பக்கம் திரும்பினாள்.

"என்ன மாமா, சார் வெளியூரா? தமிழ் வராதா?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் களத்துக் காக்கைகள் கிளம்பிப் போயின. எனக்குக் காது வரை சூடு. அவள் பெயர் அஞ்சலையாம். மலாயாவில் ஒரு சீனக் கடைக்காரர் வீட்டில் பிறந்த பெண். வரிசையாகப் பெண்பிள்ளைகள் பிறந்த வீடு. ஒன்றைப் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். வளர்ந்தது தமிழில், வாக்கப்பட்டது மாரிமுத்துவுக்கு. பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் பலகையில் எழுதிக் காட்டிய சில எழுத்துகளில் அவளுக்கு நினைவு நின்றவை மிகச் சில. அதில் ஒன்றைத்தான் கட்டையில் செதுக்கியிருந்தாள். இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்ன தோரணை, ரேஷன் கடையில் எடை குறைந்ததைத் தட்டிக் கேட்கும் தோரணை.

"எழுத்தா இது?" என்றேன். "சீன எழுத்தா?"

பின்னாலிருந்து ரத்தினம் தொண்டையைக் கனைத்தார். வாழ்நாளில் முதல்முறையாக உண்மை சொன்னவனின் கனைப்பு.

"ஆமா சார். வயலு."

"எந்த வயல்?"

"எந்த வயலும்தான் சார்." அவள் அரிவாளின் முனையால் தரையில் ஒரு சதுரம் கீறினாள். "இது சுத்து வரப்பு. இது நெடுக்கு வரப்பு, இது குறுக்கு வரப்பு. அந்தக் காலத்துல எவனோ பாத்தத அப்படியே வரஞ்சு வச்சிருக்கான். உங்க வயலு, எங்க வயலு, மிராசு வயலு, எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான்."

எல்லா வயலுக்கும் பொதுவான ஒரு வயலை நான் அளவுகோல் வைத்து அளந்திருக்கிறேன். அதில் பெரிய பங்காளிக்குப் பங்கும் ஒதுக்கியிருக்கிறேன். வடக்கு இல்லை என்று குற்றமும் சாட்டியிருக்கிறேன்.

அவள் நிறுத்தவில்லை. சதுரத்துக்குக் கீழே வளைத்து இன்னொன்று கீறினாள். இது பலம், வயலும் பலமும் சேர்ந்தால் ஆம்பளை, அப்படித்தான் அண்ணன் சொன்னான் என்றாள். கூட்டத்தில் மூத்த பெண் ஒருத்தி தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"நாத்துப் பறிக்கிறது, நடுறது, களை எடுக்கிறது, அறுக்கிறது எல்லாம் நாம. எழுத்துல மட்டும் ஆம்பளையாடி?"

"எழுத்தக் கண்டுபிடிச்சவன் வரப்புல நின்னுக்கிட்டிருந்திருப்பான் அக்கா," என்றாள் அஞ்சலை. சொல்லும்போது அவள் பார்வை என் கால்சட்டையின் மடிப்பில் இருந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் வாயை மூடிக்கொள்வான். நான் படித்தவன். வயல் எங்கே இப்படிச் சதுரமாக இருக்கிறது, நான் எத்தனை வயல் பார்த்திருக்கிறேன், எல்லாம் கோணல்மாணல்தான் என்று வாதாடினேன்.

"கீழ நின்னு பாத்தா அப்படித்தான் தெரியும் சார். மேல ஏறிப் பாருங்க."

பொலிக்குப் பக்கத்தில் வைக்கோல் போர் இருந்தது. ஏறினேன். ஜப்திக்கு வந்த அதிகாரி டெரிலின் கால்சட்டையோடு போரின் உச்சியில் நின்றேன். பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சதுரம் சதுரமாக, வரப்பு வரப்பை வெட்டி, அறுத்த வயலும் அறுக்காத வயலுமாக, அவள் தரையில் கீறியது அப்படியே கிடந்தது. காகிதத்தில் ஆயிரம் வயல் வரைந்தவன் நான். ஒரு வயலையும் மேலிருந்து பார்த்ததில்லை.

அப்படியே தெற்கே பார்த்தேன். மழை நடந்து வந்துகொண்டிருந்தது. உருவகமாகச் சொல்லவில்லை. அடுத்த ஊர்த் தென்னந்தோப்பு இருந்த இடத்தில் சாம்பல் நிறத் திரை மட்டும் இருந்தது.

அவசரமாகத் திரும்பினேன். வைக்கோல் போரிலிருந்து இறங்கும் முறை பற்றித் துறைப் பயிற்சியில் எதுவும் சொல்லித் தரவில்லை. சறுக்கினேன். சறுக்கிய வேகத்தில் என் குச்சி, என் கயிறு, என் அரக்கு, என் அலுவலக முத்திரை எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போய்ப் பொலியின் அடியில் உட்கார்ந்தேன். கீழே ஏதோ ஈரமாக, கட்டையாக இருந்தது. அதை யோசிக்க நேரமில்லை. களத்தில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அறுந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசு முத்திரை உடைந்துவிட்டது. ரத்தினத்தின் முகத்தில் தீபாவளி.

"முத்திரைய ஒடச்சது யாருன்னு எழுதிக்குங்க சார்," என்றார்.

அதிர்ச்சியில் மூளை சில சமயம் நன்றாக வேலை செய்யும். எனக்கு அன்று ஒரே ஒரு முறை செய்தது. முத்திரை சேதமடைந்தால், பொருளை உடனே பாதுகாப்பான இடத்துக்கு மாற்றி மறுமுத்திரை வைத்துவிட்டு மேலிடத்தில் பிறகு ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம், அதற்குப் பின்னேற்பு என்று பெயர். விதி இருக்கிறது. முத்திரை உடையாமல் இருந்தால்தான் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். உடைந்தால் வேண்டாம்.

"உடைச்சது நான்தான்," என்றேன். "எழுதிக்கிறேன். மாரிமுத்து, கிட்டத்துல பூட்டுப் போட்ட இடம் எது?"

அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டே எழுந்தார். "எங்க வூடுதாங்க ஐயா."

அதற்கப்புறம் யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. கூடை, முறம், சாக்கு, சேலை முந்தானை, கையில் கிடைத்ததிலெல்லாம் நெல் ஏறியது. மூத்த பெண் நெல் அளக்கும் மரக்காலை வீசி வீசி அள்ளினாள். மிராசுதாரின் பங்கும் அதில்தானே இருக்கிறது என்று நான் நினைவூட்டியதும் ரத்தினமும் முனகிக்கொண்டே ஒரு கூடையைத் தூக்கினார். நானும் சுமந்தேன். நான் முன்னால் போகப் பின்னால் வந்த பெண்கள் வாயைப் பொத்திப் பொத்திச் சிரித்தார்கள். விழுந்ததற்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அஞ்சலை அவள் கையைக் கிள்ளினாள்.

கடைசிக் கூடை உள்ளே போகவும் மழை கூரையில் இறங்கவும் சரியாக இருந்தது. கதவைப் பூட்டி, அரக்கு வைத்தேன். அவர்கள் கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு, மழை விட்டதும் பஸ் பிடித்தேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றேன். பின்னால் இருந்தவர்கள் என்னை எட்டி எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி என்று தெரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்தினேன். வலங்கைமான் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வாசலுக்கே வந்து பார்த்தார். அவருக்கும் தலையசைத்தேன்.

அலுவலகத்தில் தாசில்தாரிடம் நடந்ததைச் சொன்னேன். பின்னேற்பு வேண்டும் என்றேன். உள்குத்தகை என்பதற்கு ஆதாரம் இல்லை, அந்தக் குறி வெறும் எழுத்து என்றேன். அவர் ஒரு கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார். அலமாரியிலிருந்து விதித் தொகுப்பை எடுத்துக் காட்டலாமென்று திரும்பினேன். தலைமை எழுத்தர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆர்.ஐ.," என்றார் தாசில்தார். "பின்னாடி என்னய்யா அது?"

கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்த சுண்ணாம்பு உதிர்ந்தது. சதுரம். நெடுக்கே ஒரு கோடு. குறுக்கே ஒரு கோடு. கரும்பச்சை டெரிலினில் பளிச்சென்று, மாதிரிப் பதிவைவிடத் தெளிவாக.

அதிர்ச்சியில் என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான். "வயல், சார்."

தாசில்தார் இரண்டு கண்ணையும் திறந்தார். வருவாய்த் துறையில் ஊறியவர் ஆயிற்றே.

"எந்த வயல்?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "எந்த வயலும்தான், சார்."

தலைமை எழுத்தர் எழுந்து வெளியே போய்விட்டார். வராந்தாவில் அவர் சிரித்தது தாலுகா கச்சேரி முழுக்கக் கேட்டது. தாசில்தார் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துப் பின்னேற்பில் கையெழுத்துப் போட்டார். உள்குத்தகை என்ற என் பத்தியை ஒரே கோட்டில் அடித்தார். வடக்கு குறிக்கப்படவில்லை என்ற வரியை மட்டும் அடிக்காமல் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, அது உண்மைதானே என்றார். மாரிமுத்துவுக்கு அவர் பங்கு கிடைத்தது, நிலமும் நின்றது. அடுத்த அறுவடையில் அந்த ஊரில் இன்னும் பல களங்களில் காரியஸ்தர் முத்திரைக்குப் பக்கத்தில் அஞ்சலையின் வயல் முளைத்திருந்தது. கட்டை செதுக்கிக் கொடுத்தது அவள்தான் என்று கேள்வி.

ஓய்வு பெற்ற பிறகு சிங்கப்பூரில் மகன் வீட்டில் சில மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டுச் சீனர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தெருவில் ஒரு பலகையில் அந்த எழுத்தைக் காட்டி நான் "வயல்" என்று கூவியதும் நண்பராகிவிட்டார். மூவாயிரம் வருஷத்துக்கு முன் எலும்பில் கீறிய எழுத்துகளிலேயே இது இருக்கிறது, அன்றும் வரப்பு போட்ட வயலாகத்தான் கீறியிருக்கிறார்கள் என்று மகன் வழியாகச் சொன்னார். எனக்கு லேசாக மயக்கம் வந்தது. அப்படியானால் அது புலப்படம்தான். நான் அன்று ஒரு விஷயத்தில் சரியாகத்தான் இருந்திருக்கிறேன். என்ன, மனு மூவாயிரம் வருஷம் தாமதம்.

தாலுகா கச்சேரியில் அந்தச் சிரிப்பைக் கேட்ட எழுத்தர்களில் என் மாமனாரும் ஒருவர் என்பதை நான் பெண் பார்க்கப் போன அன்றுதான் தெரிந்துகொண்டேன். வாசலில் நான்கு கட்டக் கோலம் போட்டிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் தேவையில்லாத கேள்வி கேட்டாலும் பதில் ஒன்றுதான். உப்பு தீர்ந்துவிட்டது என்பாள் மனைவி. எந்த உப்பு என்பேன். "எந்த வயல்?" என்று உள்ளே இருந்து பிள்ளைகள் குரல் கொடுப்பார்கள்.

போன வாரம் இடுப்பு வலி என்று டாக்டரிடம் போனேன். புதிதாக வந்திருக்கும் இளைஞர், பயபக்தியோடு விசாரித்தார். பின்பக்கம் எப்போதாவது அடிபட்டதுண்டா என்றார். நான் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அங்க ஒரு வயல் இருக்குங்க டாக்டர்."

டாக்டர் குறிப்பெழுதப் பேனாவை எடுத்தார். மிகுந்த அக்கறையோடு, முகத்தில் ஒரு சிறு சந்தேகமும் இல்லாமல், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எந்த வயல்?"